துண்டு மடிக்கக் கற்கும் இயந்திரம்: செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் நம் வேலைகளை எப்படி மாற்றும்?

கரூரில் ஒரு நிறுவனத்தில் இளைஞர்கள் நெற்றியில் சிறிய கேமராவைக் கட்டிக்கொண்டு மேசை முன் நின்று துண்டு மடிக்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து, உதறி, விரித்து, மடித்து, ஓரமாக வைக்கிறார்கள். பிறகு அடுத்த துண்டு. அந்தத் துண்டுகள் கடைக்குப் போவதில்லை. கடல் கடந்து போவது அந்த வீடியோதான். கை எங்கே நீள்கிறது, விரல் எந்த இடத்தில் பிடிக்கிறது, துணி எந்தப் பக்கம் சரிகிறது என்பதையெல்லாம் அதில் குறித்து, ரோபோ தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த அசைவுகளிலிருந்து ரோபோ துண்டு மடிக்கக் கற்க வேண்டும்.

என் சித்தி அதே ஊரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செக்கிங், மடிப்பு வேலை பார்க்கிறார். இந்தச் செய்தியைச் சொன்னதும் அவருக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். "ஏன் கண்ணு, கதை எழுதுகிறது, படம் போடுகிறது என்கிறீர்கள். அதற்குத் துண்டு மடிக்கத் தெரியாதா?"

சித்தியின் கேள்வி சரியான இடத்தில் கை வைக்கிறது. அதற்குப் பதில் தெரிந்துகொண்டால், வரப்போகும் மாற்றங்களில் பாதி புரிந்துவிடும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ரோபோ என்பது உடம்பு: மோட்டார், இரும்புக் கை, சக்கரம், கேமரா. படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்வதும், பேச்சுக்குப் பதில் தருவதும், அடுத்து என்ன செய்யலாம் என்று கணிப்பதும் கணினிக்குக் கைவந்தால், அந்தத் திறனைச் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கலாம். 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற இயந்திரக் கை வேலைக்கு வந்தது. அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. சொல்லிவைத்த அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்ததே தவிர, எதையும் அது அறியவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார் ஆலைகளில் வெல்டிங் செய்யும் ரோபோக்களும் பெரும்பாலும் அந்த வம்சம்தான். காரின் உடல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கோணத்தில் வந்து நிற்பதால் அவற்றால் வேலை செய்ய முடிகிறது. மறுபக்கம், உங்கள் கைப்பேசியில் கடிதம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு டம்ளரைத் தூக்கக்கூடக் கை கிடையாது.

ரோபோ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரோபோட்டா' என்ற சொல்லிலிருந்து, 1920இல் வெளியான ஒரு நாடகத்துக்காக உருவாக்கினார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கூலியில்லாமல் செய்ய வேண்டிய ஊழியம், ஏறத்தாழ அதே பொருள். இந்தச் சொல்லோடு கூலியும் கட்டாயமும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. கட்டுரை போகப் போக அது ஏன் முக்கியம் என்று தெரியும்.

தேங்காயைச் சுண்டிப் பார்ப்பவர்

இயந்திரம் எப்படிக் கற்கிறது? தேங்காய்க் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். காயைக் கையில் எடுத்து விரலால் சுண்டி, காதருகே கொண்டுபோய், "இது முற்றல், இது இன்னும் இளசு" என்று தள்ளி வைப்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "சத்தத்திலேயே தெரியும்" என்பார். அதற்கு மேல் அவரால் விளக்க முடியாது. ஆயிரக்கணக்கான காய்களைச் சுண்டி, உடைத்துப் பார்த்து, தப்பாகச் சொன்னதைத் திருத்திக்கொண்டு வந்த அறிவு அது.

பழைய கணினிக்கு விதியைச் சொல்ல வேண்டும்: இப்படி இருந்தால் அப்படிச் செய். விதியாகச் சொல்ல முடியாத அறிவை அதற்குக் கொடுக்க வழியில்லை. இயந்திரக் கற்றல் இந்தத் தடையைத்தான் தாண்டியது. பத்தாயிரம் காய்களின் சத்தத்தைப் பதிவு செய்து, எது முற்றல், எது இளசு என்று குறித்துக் கொடுத்துவிடுவோம். இயந்திரம் முதலில் குருட்டாம்போக்கில் ஊகிக்கும். தவறினால், உள்ளே இருக்கும் எண்கள் கொஞ்சம் நகரும். மறுபடி ஊகிக்கும், மறுபடி நகரும். லட்சக்கணக்கான முறை இப்படி நகர்ந்த பிறகு, கடைக்காரரைப் போலவே சரியாகச் சொல்லும். அவரைப் போலவே காரணமும் சொல்லாது.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயரை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி 1955லேயே முன்மொழிந்துவிட்டார். அடுத்த ஆண்டு டார்ட்மவுத் கல்லூரியில் அதற்கென்று ஒரு கோடைக்கூட்டமும் நடந்தது. ஆனால் பெரிய பாய்ச்சல் 2012க்குப் பிறகுதான். இணையம் கோடிக்கணக்கான உதாரணங்களைக் கொட்டிக் கொடுத்தது, கணினி விளையாட்டுகளின் படக்காட்சிகளுக்காகச் செய்த வேகமான சில்லுகள் அவற்றைச் செரிக்க உதவின.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைப் பயன்படுத்தினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் படங்கள் கொடுத்தவற்றுள் இரண்டு. 54 கண் மருத்துவர்கள் அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். கற்று முடித்த இயந்திரம் கண் மருத்துவர்களுக்கு இணையாகக் கண்டறிந்தது. கண் மருத்துவரே இல்லாத ஊரில் இது யாருடைய வேலையையும் பறிக்காது. இருட்டப்போகும் ஒரு கண்ணை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

எழுதிப் பேசும் செயற்கை நுண்ணறிவும் இதே முறைதான். "ஆழம் தெரியாமல்" என்று நான் நிறுத்தினால், "காலை விடாதே" என்று உங்கள் மனம் முடித்துவிடுகிறது. பலமுறை கேட்டதால் வந்த பழக்கம். மனிதர்கள் எழுதி வைத்ததில் பெரும் பகுதியைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று ஊகித்து ஊகித்தே அது பக்கம் பக்கமாக எழுதுகிறது. அதனால்தான் சில சமயம், இல்லாத தீர்ப்பையும் இல்லாத புத்தகத்தையும் இருப்பதுபோலவே சரளமாகச் சொல்கிறது. பொருத்தமான சொல்லைத் தேடுவதுதான் அதன் பயிற்சி. உண்மையைச் சரிபார்ப்பது தனி வேலை, அதை நாம்தான் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் படித்தது மலையளவு, தமிழில் படித்தது மடுவளவு என்பதால் தமிழில் தடுமாற்றம் இன்னும் அதிகம்.

துண்டு ஏன் கஷ்டம்?

இப்போது சித்தியின் கேள்விக்கு வருவோம். கசங்கிக் கிடக்கும் துண்டுக்கு உருவம் கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும். ஒரு மூலை மேலே தெரியும், ஒன்று அடியில் சிக்கியிருக்கும். சித்தி அதைப் பார்ப்பதுகூட இல்லை. இரண்டு விரல் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் மூலையைப் பிடிக்கிறது. ஓர் உதறல். நடு மடிப்பைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் கீழே இறங்குகின்றன. நூல் பிரிந்த துண்டு நடுவே வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே அதைத் தனியே எறிகிறார். இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

இந்தச் சில நொடிகளுக்குள் தொடுஉணர்வு, கண், எடை, துணியின் வழுக்கல், முடிவெடுத்தல் எல்லாம் இருக்கின்றன. ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மோராவெக் 1980களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். பெரியவர்களுக்கான அறிவுத் தேர்வில் கணினியைத் தேறவைப்பது எளிது, ஒரு வயதுக் குழந்தை பார்ப்பதையும் நடப்பதையும் அதற்குக் கற்றுக்கொடுப்பது மிகக் கடினம் என்றார். நடப்பதும் பிடிப்பதும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் பரிணாமத்தில் ஊறி வந்தவை. எழுத்தும் கணக்கும் மனிதனுக்கு நேற்று வந்தவை. நமக்குக் கஷ்டமானது இயந்திரத்துக்கும் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

எழுதுவதற்கு இணையம் முழுக்க உதாரணம் கிடக்கிறது. துண்டு மடிப்பதற்கு அப்படி எதுவும் இல்லை, விரலின் அழுத்தத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைத்தான் கரூர் இளைஞர்கள் நெற்றிக் கேமராவோடு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மாற்றம் மேசையில் தொடங்குகிறது. தகவல் பதிவு, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில், மொழிபெயர்ப்பின் முதல் வரைவு, எளிய மென்பொருள் எழுதுதல் ஆகியவையே முதலில் கைமாறுகின்றன. இங்கே ஒரு நிதானம் தேவை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து நோயறியும் கதிரியக்க மருத்துவர்களுக்கு இனிப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்று 2016இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னார். 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அமெரிக்காவில் அந்த மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான். படம் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. சக மருத்துவரோடு பேசுவது, சந்தேகப்படுவது, முடிவுக்குப் பொறுப்பேற்பது எல்லாம் மீதிப் பகுதி. ஒரு வேலை என்பது பல காரியங்களின் மூட்டை. இயந்திரம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, உள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவுகிறது.

உருவப்படும் காரியங்கள் எவை என்பதுதான் எனக்குக் கவலை. அவை பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் கொடுக்கப்படுபவை. பெரியவர்கள் சரிபார்க்க, சிறியவர்கள் செய்து செய்து தொழில் கற்றது அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களைப் பார்த்தபோது, செயற்கை நுண்ணறிவின் பாதிப்பு அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. அனுபவசாலிகளுக்கு அந்த அடி விழவில்லை. ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து மேல்படியில் நிற்க யார் வருவார்கள்? கடன் வாங்கி ஒரு பிள்ளையைப் பொறியியல் படிக்கவைத்து, அந்த முதல் வேலையை நம்பியே இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! கல்லூரிகளும் நிறுவனங்களும் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

குழிக்குள் போகாத இயந்திரம்

இதுவரை சொன்னது இயந்திரத்தால் முடியும், முடியாது என்பது. ஆனால் முடியும் என்பதால் மட்டும் இயந்திரம் ஒரு வேலைக்கு வந்துவிடுவதில்லை. இதை எனக்குப் புரியவைத்தது பாதாளச் சாக்கடை.

அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேர்ந்திருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போனவரும் உள்ளேயே விழுவார். 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்ற தலைப்பில் எப்போதும் இருவர், மூவர் என்று வருவது இதனால்தான். 2015இல் கோழிக்கோட்டில் குழிக்குள் விழுந்த இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்.

அந்தச் சாவுகளைக் கண்டு கலங்கிய கேரளப் பொறியியல் மாணவர்கள் சிலர் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 2018இல் ஒரு ரோபோவைக் கொண்டுவந்தார்கள். பெயர் பாண்டிகூட். பெருச்சாளிக்கு ஆங்கிலப் பெயர், அதுவும் தெலுங்கின் 'பந்திகொக்கு'விலிருந்து போனது. குழியின் மேலே ஒரு சட்டகம் நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் இயந்திரம் கால்களை விரித்து ஊன்றிக்கொண்டு, கையால் சகதியை அள்ளி வாளியில் மேலே அனுப்புகிறது. முன்பு உள்ளே இறங்கியவர் இப்போது மேலே நின்று திரையில் பார்த்தபடி அதை இயக்குகிறார். கும்பகோணம் நகராட்சிக்கும் அதே ஆண்டில் ஒன்று வந்தது.

அப்படியென்றால் ஊரூராக இது ஏன் நிற்கவில்லை? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் இறக்குகிறார்கள், ஆனாலும் இறக்கிறார்கள். 1993க்குப் பின் பதிவான மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். காரணத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன்: அந்த மனிதரின் ஒரு நாள் கூலி இயந்திரத்தின் விலையைவிட மிகமிகக் குறைவு. அவர் உயிருக்கு நாம் போட்டிருக்கும் விலையும் குறைவு.

எதிர்ப்பக்கம் தென் கொரியாவைப் பாருங்கள். சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023இல் அங்கே ஆலைகளில் 10,000 பணியாளருக்கு 1,012 ரோபோக்கள். உலகிலேயே அதிகம். அங்கே கூலி அதிகம், மின்னணுப் பொருளும் காரும் பெருந்தொழில், பிறக்கும் குழந்தைகளோ குறைந்துகொண்டே வருகிறார்கள். மனித உழைப்பு விலை கூடிய இடத்தை நோக்கி ரோபோ தானாக ஓடுகிறது. மலிவான இடத்துக்கு, உயிரே போனாலும், வருவதில்லை. எந்த வேலை ஆபத்தானது, எது இழிவு என்று ஒதுக்கப்பட்டது என்ற கணக்கு சந்தைக்குத் தெரியாது. அந்தக் கணக்கைச் சட்டமும் ஒப்பந்தமும் ஊரின் கோபமும்தான் போட வேண்டும்.

சித்தியின் மடிப்பு இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்று நான் நினைப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். துண்டு கஷ்டமானது, உண்மை. சித்தியின் கூலி குறைவு என்பதும் அதே அளவு உண்மை.

யாருடைய இயந்திரம்?

இதை விளக்கியபோது சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பையன்களுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுவார்கள். பழகிக்கொண்ட மெஷின் எத்தனை நாள் மடிக்கும்?"

அது ஓயும்வரை மடிக்கும். ஒரு ரோபோ கற்றதை மற்ற ரோபோக்களுக்கும் அப்படியே நகல் எடுக்கலாம் என்பதால், ஆயிரம் இடத்தில் மடிக்கும். திறமை கைமாறும் விதம் இதுவரை இப்படி இருந்ததில்லை. சீடன் குருவிடம் கற்றால் ஒரு சீடன்தான் வருவான். இங்கே ஒரு கை காட்டிய வித்தை ஒரேயடியாகப் பெருகுகிறது. பெருகும் பலன் அந்தக் கைக்குத் திரும்புமா என்பது இயந்திரத்துக்குள் எழுதப்பட்டதல்ல, பேசி முடிவு செய்யப்படுவது.

பேசி முடிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரம் எழுதியதைக் காட்டி எழுத்தாளரின் உரிமையையும் ஊதியத்தையும் குறைக்கக் கூடாது, அப்படிப்பட்ட எழுத்தைக் கொடுத்தால் அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வலுவான சங்கம் இருந்தது.

இன்னோர் உதாரணம் எனக்கு அதைவிட நெருக்கமானது. டெல்லியில் 2019இல் சாக்கடை சுத்தம் செய்ய 200 இயந்திர வண்டிகள் தெருவுக்கு வந்தன. குறுகலான சந்துகளுக்குள் போகும் சின்ன வண்டிகள், செயற்கை நுண்ணறிவு எதுவும் கிடையாது. அவற்றின் சொந்தக்காரர்கள் யார் என்பதுதான் செய்தி. அந்த வேலையைச் செய்துவந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் பாரத ஸ்டேட் வங்கிக் கடனில் வண்டியை வாங்கினார்கள். வண்டிகளுக்கு வேலை கொடுக்க டெல்லி குடிநீர் வாரியம் ஒப்பந்தம் செய்துகொண்டது. நேற்று குழிக்குள் இறங்கியவரின் வீட்டு வாசலில் இன்று அவருடைய வண்டி நிற்கிறது. சென்னையிலும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களை இப்படி வண்டி உரிமையாளர்களாக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது.

டெல்லிக் கதையைச் சித்தி இரண்டு முறை சொல்லச் சொன்னார். வங்கி வட்டி எவ்வளவு, தவணை எத்தனை மாதம், வண்டி பழுதானால் செலவு யாருடையது என்று நான் யோசிக்காததையெல்லாம் கேட்டார். அவர் பதினான்கு ஆண்டுகளாக மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர். குழுவின் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது.

"மடிக்கிற மெஷின் விலைக்கு வரும்போது சொல், கண்ணு" என்றார். "நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்."